ஏரிக்கு ஒரு லென்ஸ், உலைக்கு ஒரு லென்ஸ்

ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கிய கையோடு பழவேற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். பூநாரை சிறுத்துப்போயிருக்கும். அதே 500 மில்லிமீட்டர் லென்ஸ், அதே படகு, ஏறக்குறைய அதே தூரம். ஆனால் போன பருவத்தில் படத்தில் எடுப்பாக நின்ற பறவை, இப்போது தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கீற்று. இத்தனை பணம் கொட்டியது இதற்குத்தானா என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கேமராவின் மேல் குற்றமில்லை. 1.3 மீட்டர் உயரமுள்ள பெரிய பூநாரை 200 மீட்டர் தள்ளி நின்றால், 500 மி.மீ. லென்ஸ் வழியாக அதன் உருவம் சென்சாரில் மூன்றேகால் மில்லிமீட்டர்தான் விழும். எந்தக் கேமராவிலும் அதே மூன்றேகால்தான். பழைய கிராப் சென்சாரின் உயரம் சுமார் பதினைந்தரை மி.மீ.; புதியதன் உயரம் 24. பறவை அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஏரிதான் பெருத்துவிட்டது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் பழைய கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தால் மிஞ்சுவது பத்து மெகாபிக்சல் சொச்சம். பறவை மட்டுமே வேண்டும் என்பவர்கள் மாறாமல் இருப்பதே நல்லது; இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

மாறியவர்களுக்கு அந்தப் பெருத்த ஏரிதான் ஆதாயம். அதைப் பார்க்கப் பழகிய பிறகுதான் லென்ஸ் சேர்ப்பதைப் பற்றியே பேசவேண்டும். அகலத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, தொலைவுக்கு ஒன்று என்று மூன்று கனத்த ஜூம்களை எடுத்தவுடன் வாங்கிவிடுவது கல்யாண வேலைக்குச் சரி. அங்கே மணமேடை நமக்காகக் காத்திருக்காது. எனக்கு வாய்த்தது திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அனல்மின் நிலையம், உப்பங்கழி, சந்தை, இரும்பு உருட்டாலை எல்லாம் வந்துவிடும். இந்த மூலையில் எதன்முன் எவ்வளவு தூரத்தில் நிற்க முடிகிறதோ, அந்தத் தூரங்கள்தான் என் லென்ஸ்களைத் தேர்ந்தெடுத்தன.

முதலில் ஐம்பது. கிராப் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் 75 போல நடந்துகொள்ளும். பொன்னேரி சந்தையில் ஒரு கீரைக்காரரை எடுக்க எதிர்க்கடைப் படியில் ஏறவேண்டியிருக்கும். 24-க்கு 36 மி.மீ. என்ற கட்டத்தில்தான் அதற்குச் சொந்த அகலம் திரும்பி வருகிறது. அந்த அளவு சினிமாவிலிருந்து வந்தது. லைட்ஸ் நிறுவனத்தின் ஆஸ்கர் பர்னாக், 35 மி.மீ. சினிமா ஃபிலிமைப் படுக்கைவசமாக ஓடவிட்டு, இரண்டு சினிமாக் கட்டங்களை ஒன்றாக்கினார். 1925 லைப்சிக் கண்காட்சியில் லைக்காவாக அது வெளிவந்தது. கார்த்தியே-பிரசோன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தக் கட்டத்திலும் ஒரு 50 மி.மீ. லென்ஸிலுமே கழித்தார். ஐம்பதின் அழகு, அது எதையும் அழகாக்க முயலாததுதான். அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கி புகைபோக்கியாகவே நிற்கும், முன்னால் வலை உலர்த்துகிறவர் அவர் உயரத்திலேயே நிற்பார். அகன்ற லென்ஸ் போட்டால் புகைபோக்கி பின்வாங்கி ஊசியாகிவிடும். தொலைவு லென்ஸ் போட்டால் அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஒருவகையில் வாதம். ஐம்பது சாட்சி மட்டும் சொல்லும்.

அடுத்தது 28. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எல்லாமே நெருக்கம். பழைய இரும்பு ஏற்றிய லாரிகளின் வரிசை, அவற்றுக்கு நடுவே டீக்கடை, வடக்கத்தித் தொழிலாளிகளின் சைக்கிள்கள். ஆலைக்குள் அனுமதி கிடைத்தாலும் பின்வாங்கி நிற்க இடம் கிடைக்காது. நான் பயன்படுத்துவது நிக்கானின் பழைய மேனுவல் 28 மி.மீ. எஃப் 2.8, ஏஐ-எஸ் வகை, 250 கிராம் எடை, 20 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும். கிட்டே போகும்போது உள்ளேயிருக்கும் கண்ணாடிக் கூட்டங்கள் தங்களுக்குள் இடைவெளியை மாற்றிக்கொள்வதால் ஓரங்கள் குழையாது. 1,100 டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்புப் பாளம் உருளைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து கம்பியாக நீளும் காட்சியில் இந்தச் சின்ன லென்ஸ் செய்வது தனி. புது லென்ஸ்களின் பூச்சு எதிரொளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். இதில் கம்பியின் செம்மஞ்சள் லேசாகக் கசிந்து, பக்கத்துத் தூணிலும் தொழிலாளியின் தோளிலும் படிவதுபோல் ஒரு சாயை வரும். ஆய்வகத்தில் அது குறை. வெக்கையைப் படத்தில் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இதன் அப்பர்ச்சரில் ஏழு இதழ்கள். எஃப் 11-க்கு மூடினால் இரவில் ஆலை வாசல் விளக்கிலிருந்து பதினான்கு கதிர்கள் பிரியும். இதழ் ஒற்றைப்படையில் இருந்தால் கதிர் இரட்டிப்பாகும். இரட்டைப்படையில் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, இதழுக்கு ஒரு கதிர் என்றே நிற்கும். லென்ஸ் வாங்கும்போது இதழை எண்ணுகிற பழக்கம் என்னை இப்படித்தான் பிடித்தது.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்தே பேசவேண்டும். நிக்கார் 105 மி.மீ. எஃப் 2.5. 1984-ல் ஸ்டீவ் மக்கரி, பாகிஸ்தானின் அகதி முகாமில் பச்சைக் கண்களுடைய ஆப்கன் சிறுமியை எடுத்தது இந்த வகை லென்ஸில்தான். அடுத்த ஆண்டு அது ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ அட்டையானது. அந்தப் புகழால் லென்ஸுக்கு ஒரு பக்திக்கூட்டம் உண்டு. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் லென்ஸ் லென்ஸ்தான். இரண்டு மீட்டர் தூரத்தில் முழுக்கத் திறந்தால் கூர்மையாக நிற்பது ஐந்து சென்டிமீட்டர் ஆழம்: கண்ணும் கன்ன எலும்பும் துலங்கும், காது கரையத் தொடங்கும், பின்னால் உள்ளது வட்டவட்டமாக உடையாமல் மெத்தென்று விலகும். பொக்கே என்றதும் பலர் பின்னணி எவ்வளவு கலங்கியது என்று மட்டும் அளக்கிறார்கள். கூர்மையிலிருந்து கலங்கலுக்கு எப்படி இறங்குகிறது என்பதில்தான் ருசி. ஒரே மீனை நாலு வீட்டில் குழம்பு வைப்பது மாதிரி, ஒரே 105-ஐ நாலு நிறுவனம் செய்தாலும் அந்த இறக்கம் நாலு விதம்.

கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் இருளர் பெண்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வதால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அவர்களைக் கரையிலிருந்து 500-ல் எடுத்துவிட முடியும், எடுக்கிறவர்களும் உண்டு. 105-ல் முடியாது. கரையேறி, கூடையை இறக்கி, மூச்சு வாங்கும்போது கிட்டே போய், “ஒரு படம் எடுத்துக்கட்டாம்மா?” என்று கேட்டாகவேண்டும். சில சமயம் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் தூரத்தில் நம்மை நிறுத்துவதாலேயே முகத்துக்கு இதைவிட நீளமான லென்ஸ் கூடாது என்பது என் கட்சி.

இந்த முப்பது, நாற்பது ஆண்டுப் பழசெல்லாம் புதுக் கேமராவில் எப்படிப் பொருந்துகிறது? நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது. அதில் லென்ஸ் வளையத்திலிருந்து ஃபிலிம்வரை 46.5 மி.மீ. கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) இசட் கேமராக்களில் அது 16 தான். நடுவில் மிஞ்சும் 30.5 மி.மீ. இடத்தை ஓர் அடாப்டர் நிரப்பிவிடுகிறது. வளையத்தைத் திருப்பும்போது ஃபோகஸ் விழுந்த விளிம்பு திரையில் சிவப்பாக மினுங்கும். பழைய லென்ஸ்களுக்கு ஃபிலிம் காலத்தில்கூட இவ்வளவு வசதி இருந்ததில்லை.

ஒன்றுக்காகச் செய்ததை இன்னொன்றில் பூட்டுவது நமக்குப் புதிதில்லை. அ. மாதவையாவின் மகனும் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் கடைசிவரை இயற்கைப் பத்தி எழுதியவருமான மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களையும் லென்ஸையும் தானே இணைத்து ஒரு பெரிய கருவி செய்துகொண்டார். ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று கேலியாக அதற்குப் பெயரும் வைத்தார். யானையைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களில், தோலின் மடிப்பை விரலால் தொட்டுப்பார்க்கலாம்போல் இருக்கும். அவரிடம் இருந்தது ஒரு தேவை. கருவி அதற்குப் பின்னால் வந்தது.

நான்காவதாக, பூநாரைக்கு 200-500 ஜூம். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அண்ணாமலைச்சேரிப் பக்கம் படகில் உட்கார்ந்து எடுக்கும்போது கையைவிடக் காற்றுதான் தடை. வெயில் ஏறி, முழங்கால் ஆழத் தண்ணீரும் சேற்றுத் திட்டும் காய்ந்தால் கானல் எழும். அதன்பின் 500 போட்டாலும் 800 போட்டாலும் கானல்தான் பெரிதாகத் தெரியும். காலை ஒன்பதுக்குமேல் நான் அந்த ஜூமைப் பையில் போட்டுவிட்டு ஐம்பதைப் பூட்டுவேன். கூட்டம் எழும்பும்போது வெள்ளை இறகுக்கு அடியிலிருந்து செந்நிறமும் கறுப்பும் ஒரே நொடியில் விரியும். அந்தப் பட்டை ஏரியின் முழு நீளத்துக்கும் ஓடுவதைக் காட்ட ஐம்பதின் அகலம் வேண்டும். பறவைக்காகப் படகை விரட்டச் சொல்லிக் கூட்டத்தை எழுப்புகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. அவை அங்கே இரை தேட வந்தவை.

அதே 28-ஐப் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கும் எடுத்துப்போவேன். நுழைவாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், கல்லில் எழுந்து நிற்கும் எழுத்துகள், பலவும் 17-ஆம் நூற்றாண்டு வேலை. மாலைச் சாய்வெயில் எழுத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தொடும்போது 20 சென்டிமீட்டரில் வைத்து எடுக்கலாம். இந்த டச்சுக்காரர்களின் நாட்டில்தான், 1608-ல், மிடில்பர்க் மூக்குக்கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஷே, இரண்டு லென்ஸ்களைக் குழாயில் வைத்துத் தொலைநோக்கி என்று உரிமம் கேட்டு டச்சு அரசிடம் மனுப் போட்டார். ஐந்து ஆண்டில், 1613-ல், அவர் நாட்டார் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டிவிட்டார்கள். இந்த ஏரியை லென்ஸ் வழியாகப் பார்த்த முதல் ஆட்கள் அந்தக் கப்பல்காரர்களாகவே இருந்திருக்கக்கூடும்.

கடற்கரை மாவட்டத்தில் லென்ஸுக்குப் பகை ஃபங்கஸ். பையில் மூடி வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடிக்குள் சிலந்தி நூல் ஓடிவிடும். ஈரப்பதம் 45, 50 சதவீதத்தில் நிற்கும் உலர்பெட்டி வாங்கலாம். காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டும் சமாளிக்கலாம். எடுத்துப் புழங்கும் லென்ஸில் ஃபங்கஸ் சுலபத்தில் பிடிப்பதில்லை. ஐந்தாவது லென்ஸ் வாங்கும் ஆசையை நான் தள்ளிப்போட இதுவும் காரணம்.

ஆனாலும் ஆசை போகவில்லை. 35 மி.மீ. எஃப் 2 ஒன்று கண்ணில் படுகிறதா என்று பழைய கேமராக் கடைகளில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைத்தால் பார்க்கவேண்டியது இவ்வளவு: அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து பின்னாலிருந்து போன் டார்ச் அடித்தால் நூல் தெரியக்கூடாது, இதழ்களில் எண்ணெய் மினுங்கக்கூடாது, ஃபோகஸ் வளையம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கனத்தில் திரும்பவேண்டும். மேல்பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தால் பரவாயில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.