கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்லும் மணிரத்னத்தின் கேமராவும்

பொன்னியின் செல்வன் இரண்டு பாகங்களும் (செப்டம்பர் 2022, ஏப்ரல் 2023) வந்து போன பிறகு, "படத்துல வரலாறு சரியா இருக்கா சார்?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நெற்றித் திலகமும் நகையும் குதிரையும்தான் கவலை. என் பார்வையில் அதெல்லாம் இரண்டாம்பட்சம். பத்தாம் நூற்றாண்டு இளவரசன் அரண்மனைக்குள் என்ன உடுத்தியிருந்தான் என்று நமக்கு முழுசாகத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் இருக்கிற அளவு துணியோடு நம் நடிகர்களை நிறுத்தினால் ரசிகர்களே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

சரித்திரப் படங்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில் சினிமா என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆவணம் வாய்திறந்து பேசும் இடத்தில் சினிமா அதை மாற்றிச் சொன்னால், ஏன் மாற்றியது, அதனால் எது மறைந்தது என்று கேட்க வேண்டும்.

கல் சொல்வது

ஆதித்த கரிகாலன் கொலையில் ஆவணம் பேசுகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 985-இல் பட்டமேறியவர் என்பதால் இது ஏறக்குறைய 987. பாண்டியன் தலையைக் கொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று அது சகோதரர்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது: சோமன், பஞ்சவன் பிரம்மாதிராஜன் எனப்பட்ட ரவிதாசன், இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் எனப்பட்ட பரமேச்வரன்.

இந்தப் பட்டங்களைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பிரம்மாதிராஜன் என்பது அரசு உயர் அதிகாரிகளான பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். 'பஞ்சவன்' என்றால் பாண்டியன். இந்த ஒரு சொல்லும், பாண்டியன் தலையைக் கொண்டவன் என்ற அடைமொழியும் சேர்ந்தால் கொலைக்குப் பாண்டியப் பழிவாங்கல் என்ற காரணம் கிடைத்துவிடுகிறது. கல்கி பிடித்துக்கொண்டது இந்த இழையைத்தான். அது நியாயமான ஊகமும்கூட. ஆனால் தம்பி பரமேச்வரனின் பட்டம் 'இருமுடிச்சோழ' என்றல்லவா இருக்கிறது? அது சோழ அரசு கொடுத்த பட்டம். கல்வெட்டு அவர்களை எதிரிகள் என்று சொல்லவில்லை, துரோகிகள் என்கிறது. வெளியிலிருந்து வந்தவன் பகைவன். உள்ளே இருந்து உப்பைத் தின்றவன்தான் துரோகி.

படத்தில் இந்த உள்ளாள் விஷயம் கரைந்துபோகிறது. ரவிதாசன் காட்டிலும் குகையிலும் சபதம் போடும் பாண்டிய ஆபத்துதவியாக வருகிறான். கொலை, எதிரி நாட்டான் செய்த வேலையாகிவிடுகிறது. சோழ அரண்மனைக்குள் பதவிக்குச் சண்டை உண்டு, பழுவேட்டரையர்கள் கூடிப் பேசுவது உண்டு. ஆனால் கத்தியைத் தூக்கியது வெளியாள். பார்ப்பவருக்கு இது நிம்மதி தரும் முடிவு. கல்வெட்டு அந்த நிம்மதியைத் தருவதில்லை.

அந்தக் கல்வெட்டின் முக்கிய வேலை கொலையைப் பற்றிச் சொல்வதும் அல்ல. துரோகிகளின் உறவினர் சொத்துகளை என்ன செய்வது என்று வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ராஜராஜன் அனுப்பிய ஆணை அது. பிள்ளைகள், தாய்மார், மாமன்மார் என்று உறவுமுறை நீண்டுகொண்டே போகிறது. அந்த நிலத்தில் ஒரு பகுதி விலைக்குப் போய்ப் பிறகு அறக்கட்டளையாகிறது. கிரீடத்தைத் தூக்கிச் சித்தப்பனுக்குக் கொடுத்த அருள்மொழி திரையில் கிடைக்கிறான். குற்றவாளியின் மாமன் வீட்டு நிலத்தின்மேலும் கைவைத்த ராஜராஜன் கல்லில் மட்டும் இருக்கிறான். இரண்டும் ஒரே ஆள்தான்.

நந்தினியும் இசபெல்லாவும்

நந்தினி முழுக்கக் கல்கியின் படைப்பு. 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்த வாசகனுக்கு அவள் தேவைப்பட்டாள். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. ஆனால் அவள் வந்ததும் அரசியல் கொலை காதல் கொலையாகிறது. கடம்பூர் மாளிகைக் காட்சியில் விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் பிரமாதமாக நடிக்க நடிக்க, ரவிதாசன் எந்தப் பதவியில் இருந்தவன் என்ற கேள்வி நமக்கு மறந்தே போகிறது.

இது தமிழுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் காலத்தில் நடக்கும் 'பிரேவ்ஹார்ட்' (1995) படத்தில் இளவரசி இசபெல்லா, வில்லியம் வாலஸின் குழந்தையைச் சுமக்கிறாள். வாலஸ் தூக்கிலேறிய 1305-இல் அவள் பிரான்ஸில் இருந்த சிறுமி. இங்கிலாந்துக்கு மருமகளாக வந்ததே 1308-இல். அங்கேயும் இதே கதைதான்: நிலம், வாரிசு, வரி என்று நடந்த சண்டைக்கு நடுவில் ஒரு பெண்ணின் காதலை வைத்தால் மற்றதெல்லாம் பின்னணியாகிவிடும்.

படத்துக்கு ஒரு பாராட்டு

நாவலைவிடப் படம் வரலாற்றுக்குப் பக்கத்தில் வரும் இடமும் உண்டு. நாவலில் உத்தம சோழனாகப் பட்டமேறுவது அதுவரை பூக்காரராக இருந்த சேந்தன் அமுதன். மணிரத்னம் அந்த ஆள்மாறாட்டத்தை வெட்டிவிட்டார். ரகுமான் நடித்த மதுராந்தகனே பட்டமேறுகிறான். திருவாலங்காட்டுச் செப்பேடும், சித்தப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரியணையை விரும்பவில்லை என்றே சொல்கிறது. ஆனால் அந்தச் செப்பேட்டை வெளியிட்டவர் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகப்பட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். அந்த விவாதத்தின் வாசனைகூடப் படத்தில் இல்லை.

நம் பக்கத்து ஊர்கள்

உளுந்தூர்பேட்டையில் உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்த்தால் இன்னொரு குறையும் தெரிகிறது. ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி திருக்கோவலூர் மலையமான் வீட்டுப் பெண். கணவன் இறந்தபோது பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் தீயில் புகுந்ததைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு பாட்டாகவே சொல்கிறது. படத்தில் அவள் பேருக்கு வந்து போகிறாள். ஆதித்த கரிகாலனுக்கு இரண்டு தலைமுறை முன்னால் இளவரசன் ராஜாதித்தன் படையோடு தங்கியிருந்தது இதே வட்டத்துத் திருநாவலூரில். பிறகு 949-இல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே செத்தான். ஆதித்த கரிகாலன் தலைமுறை வடக்கே சண்டை போட வேண்டி வந்தது அந்தத் தோல்வியின் மிச்சம்.

சேந்தமங்கலமும் நம் வட்டம்தான். காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் அங்கேதான் மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்துச் சிறைவைத்தான். ஹொய்சாள நரசிம்மனின் தளபதிகள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் வந்து மீட்டார்கள் என்று திருவேந்திபுரம் கல்வெட்டு விவரமாகச் சொல்கிறது. காலம் 1231-32. சோழன் கைதியாக இருக்கிறான், அவனுக்கு முன்பு அடங்கியிருந்த சிற்றரசன் சிறைக்காவலன், காப்பாற்ற வருகிறவன் கன்னட தேசத்துக்காரன். இதைவிட நல்ல திரைக்கதை யாருக்கு வேண்டும்? ஆனால் ராஜராஜன் என்ற பெயரில் தமிழ் சினிமா 1973-இல் சிவாஜியை நிறுத்தியபோதும் சரி, 2022-இல் ஜெயம் ரவியை நிறுத்தியபோதும் சரி, எடுத்தது ஜெயித்த ராஜராஜனைத்தான். தோற்ற ராஜராஜனை நான் திரையில் பார்த்ததில்லை.

"படம்தானே, விடுங்க" என்பார்கள். விட்டுவிடலாம். ஆனால் நந்தினியைத் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு சேந்தமங்கலம் தெரியும்? அடுத்த முறை அந்த வழியாகப் போகிறவர்கள் ஆபத்சகாயேசுவரர் கோயிலில் வண்டியை நிறுத்தி, அரைமணி நேரம் சுற்றிவிட்டுப் போங்கள். சோழனைக் கைதியாக வைத்திருந்தவர்களின் ஊர் அது.