சுண்டுவிரல் நீள ஒலிமாற்றி

  ரவாங்கிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் ரயிலில் பாட்டுக் கேட்பவருக்கு ஒரு நல்ல துணை, கைப்பேசியில் செருகும் ‘டாக்’ என்னும் ஒலிமாற்றி.

2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்ததால், கம்பி ஹெட்போனை இணைக்க டாக் தேவையானது.

எண்களாக வரும் பாட்டை டாக் மின்னலையாக மாற்றுகிறது. அதிலுள்ள பெருக்கி ஹெட்போனை இயக்கும் வலுவைத் தருகிறது. சிடி தரம் என்பது நொடிக்கு 44,100 மாதிரிகள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அதை 48,000ஆக மாற்றித்தான் வெளியே விடும். மாற்றாமல் யுஎஸ்பி வழியே அனுப்ப ஆண்ட்ராய்டு 14 வழி செய்தது.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பைப் போட்டுப் பார்க்கலாம். வி. எஸ். நரசிம்மனின் வயலின் தனியாக எழுவதும், கூட்டு வயலின்கள் பின்னால் அடுக்கடுக்காக நிற்பதும் அருமையான சோதனை. ஆனால் செலவில் முதலிடம் நல்ல இயர்போனுக்கே. ரயில் இரைச்சலில் நுணுக்கங்கள் மறையும். இரவில் வீட்டில் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். எம்பி3யில் நசுங்கிப்போன ஒலியை எந்த டாக்காலும் மீட்க முடியாது.