கரியும் வைரமும்: ஓர் உவமையின் பிழை

"கரிதான் அழுத்தம் தாங்கி வைரமாகிறது, நீயும் துன்பத்தைத் தாங்கு" என்பது பள்ளி விழா மேடைகளில் பழகிப்போன உவமை. பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை நிற்கும் பகாவ் வட்டாரத்தில், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளை நோக்கி இது சொல்லப்படும்போது அதன் பொருள் கனத்துவிடுகிறது. சொல்பவரின் நோக்கம் நல்லதே. ஆயினும் உவமை நிற்பதற்கு அதன் அடியிலுள்ள செய்தி மெய்யாக இருத்தல் வேண்டும்.

முதற்பிழை, நிலக்கரியை வைரத்தின் தாயாகக் கொள்வது. காலம் கணிக்கப்பட்ட வைரங்களுட் பெரும்பாலானவை 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. சில 300 கோடியையும் கடந்தவை. நிலத்தில் செடிகொடிகள் தோன்றி ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளே ஆகின்றன. செடியில்லாத காலத்தில் நிலக்கரி ஏது? வைரமாவது, பூமிக்குள் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில் முன்னமே இருந்த கார்பன்.

இரண்டாம் பிழை, அழுத்தம் ஒன்றே போதும் என்பது. அவ்வாழத்தில் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 50,000 மடங்கு அழுத்தம் உண்டு. உடன் 900 முதல் 1,300 பாகை வெப்பமும் உண்டு. உயர் அழுத்த ஆய்வுக்காக 1946-இல் நோபெல் பரிசு பெற்ற பிரிட்ஜ்மன், கிராபைட்டைப் பெரும் அழுத்தத்தில் நெருக்கிப் பார்த்தார், வைரம் கிட்டவில்லை. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் வைரத்தை விளைவித்தபோது, அழுத்தத்தோடு கடும் வெப்பமும், கார்பனைக் கரைத்துக்கொள்ளும் உருகிய உலோகமும் துணை நின்றன. துணையின்றித் தனியே நெருக்கப்பட்ட கிராபைட்டு கிராபைட்டாகவே மீண்டது.

மூன்றாவது, உவமை சொல்லாமல் விடும் செய்தி. ஆழத்தில் பிறந்த வைரம் எரிமலைக் குழம்போடு விரைந்து மேலே வந்தால்தான் வைரமாக நிலைக்கும். வெப்பம் தணியாமல் மெல்ல மேலேறினால் மீண்டும் கிராபைட்டாகிவிடும். மொராக்கோவின் பெனி புசேராப் பாறைகளில் வைரத்தின் எண்முக வடிவம் மட்டும் மிஞ்ச, உள்ளே முழுதும் கிராபைட்டாகிப்போன படிகங்கள் உள்ளன.

அழுத்தமும் வெப்பமும் பட்டதெல்லாம் மணியாவதும் இல்லை. சென்னைப் பல்லாவரத்துச் சார்னோக்கைட்டுப் பாறை, பூமியின் ஆழத்தில் 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கண்டது. அது வைரமாகவில்லை; வீட்டுச் சுவருக்கும் சாலைக்கும் உதவும் உறுதியான கல்லாயிற்று. ஒரு கனிமம் எதுவாகும் என்பதை அதன் கலவை, வெப்பம், அழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஆகவே, "தாங்கு, வைரமாவாய்" என்று தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்வது பாதி உண்மையும் அன்று. துணை நிற்கும் பள்ளி எது, விரைந்து மேலேற்றும் வழி எது என்ற கேள்விகளை அது மறைத்துவிடுகிறது. தேறாத பிள்ளையைப் பார்த்து, "நீ சரியாகத் தாங்கவில்லை" என்று பழி சொல்லவும் இடம் தருகிறது.

தமிழிலேயே இதனினும் நல்ல உவமை உண்டு. மரத்தின் முதிர்ந்த நடுக்கட்டையையும் நாம் வைரம் என்கிறோம். "வைரம் பாய்ந்த கட்டை" என்பது நாட்டு வழக்கு. மலாய்க்காரர் செங்கால் என்னும் காட்டுமரம் அத்தகையது. அந்த வைரம் நெருக்கத்தால் வருவதன்று. மண்ணும் நீரும் வெளிச்சமும் பெற்று, ஆண்டுக்கணக்கில் வளர்ந்த மரத்துக்குள் உண்டாவது. வைரம் என்ற சொல்லுக்குத் தீராப் பகை என்னும் பொருளும் இருப்பதை மேடையேறுவோர் மறத்தலாகாது. வெறும் நெருக்கத்தால் மனித நெஞ்சில் விளைவது பெரும்பாலும் அந்த வைரமே.