மௌனப்படத்தில் எள்ளல்: சுலோசனாவின் வேடங்கள் குறித்து

ஐதராபாத்துத் திரையுலகம் என்றதும் அமீர்பேட்டில் 1950களில் எழுந்த சாரதி படப்பிடிப்பு நிலையம் நினைவுக்கு வரும். அது பேசும்படக் காலத்தின் விளைவு. அதற்கு முன்னரே, 1927இல், ஐதராபாத்துக் கனவான் ஒருவர் பம்பாய்த் திரையில் தோன்றிவிட்டார். அவ்வேடத்தைப் புனைந்தவர் ஒரு பெண். மோகன் பவ்நானி இயக்கிய 'வைல்ட்கேட் ஆஃப் பம்பாய்' என்னும் மௌனப்படத்தில் சுலோசனா ஏற்ற எட்டு வேடங்களுள் அதுவும் ஒன்று.

சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். 1907இல் புணேயில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றிப் பின் திரைக்கு வந்தவர். பம்பாய் ஆளுநரினும் மிகுதியான ஊதியம் பெற்றார் என்பதே இவரைப் பற்றி மீளமீளக் கூறப்படுகிறது. இவரது நகைத்திறன் உரிய கவனம் பெறவில்லை.

நகைக்குத் தொல்காப்பியம் கூறும் நான்கு நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். தான் பிறரை எள்ளுதல், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் என அதனைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவார். இப்பாகுபாடு சுலோசனாவின் வேடங்களுக்குப் பெரிதும் பொருந்துகிறது. காவலர், கனவான் ஆகிய வேடங்களில் அதிகாரமும் தகுதியும் உடைய ஆடவர் உருவைப் பெண்ணொருத்தி அணிகிறாள், இது முதல்வகை. பொன்னிறக் கூந்தல் ஐரோப்பியப் பெண் வேடமோ இரண்டாம்வகை. அயலாள் என நோக்கப்பட்ட நடிகை, அந்நோக்கையே வேடமாக்கித் தானும் நகுகிறார். மௌனப்படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில் அவரது நடிப்பின் நுட்பத்தை அளவிடுதல் அரிது. எனினும் வேடத் தெரிவே இவ்வளவு உணர்த்துகிறது.

குரல் வந்தபின் நிலை மாறியது. அவர் நட்சத்திரமாக விளங்கிய இம்பீரியல் நிறுவனமே 1931இல் 'ஆலம் ஆரா'வை வெளியிட்டது. அதன் நாயகி சுபைதா. சுலோசனா இந்துஸ்தானி பயின்று மீண்டார். 1936இல் பழைய படமும் 'பம்பாய் கீ பில்லி' எனப் பேசும்படமாயிற்று. ஆயினும், எவ்வுருவையும் ஏற்க இடமளித்த மௌனத்தின் சுதந்திரம் உச்சரிப்பின் தேர்வுக்கு உட்பட்டுவிட்டது. 1928இலும் 1935இலும் அனார்கலியாக நடித்தவர், 1953இன் 'அனார்கலி'யில் சலீமின் தாயாக நடித்தார்.

1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்ற அவர் 1983இல் மறைந்தார். அவரை அழகுக்கும் ஊதியத்துக்கும் உரியவராக மட்டும் எழுதும் வரலாறு, நகைப்பவளை விடுத்து நோக்கப்பட்டவளையே பதிவுசெய்கிறது. திரை வரலாற்றில் திருத்தப்பட வேண்டியது இந்நோக்கே.