சிவகாசி வாணமும் விரியும் வானமும்

சிவகாசிப் பக்கம் ராத்திரியில் மொட்டை மாடி ஏறினால் முதலில் வந்து சேர்வது ஒளி. தூரத்து ஷாட் பூத்து உதிரத் தொடங்கிய பிறகுதான் ‘டமார்’ காதுக்கு எட்டும். இடைவெளி மூன்று விநாடி என்றால் வெடித்த இடம் சுமார் ஒரு கிலோமீட்டர். ஒலி அவ்வளவு சோம்பேறி. ஒளியோ விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் போகிறது. எந்தப் பொருளும் அதை முந்த முடியாது என்கிறது ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கோட்பாடு.

அடுத்து, பொறிகள். உள்வட்டம், வெளிவட்டம் என்று இரட்டையாகப் பூக்கிற ரகம் கிடைத்தால் யோகம்தான். வேகமாகக் கிளம்பிய பொறி தள்ளிப் போயிருக்கும், மெதுவானது கிட்டத்திலேயே நிற்கும். தூரம் கூடக் கூட வேகமும் கூடும் என்ற இதே கணக்கைத்தான் வானியலாளர்கள் லெமைத்ர் 1927இலும் ஹப்பிள் 1929இலும் விண்மீன் மண்டலங்களிடம் கண்டார்கள். இன்றைய அளவீட்டில், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும் விலகும் வேகம் விநாடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ஏறுகிறது. எந்தப் பொறியில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை எல்லாம் தன்னைவிட்டே ஓடுவதாகத் தெரியும்.

வேகத்தை எப்படி அளந்தார்கள்? அதற்கும் பட்டாசு மருந்தே சாட்சி. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு தரும். 2018இல் உச்ச நீதிமன்றம் தடைவிதித்த பேரியம் பச்சை தரும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதனதன் நிறக்கோடுகள். தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளியில் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதே விலகும் வேகத்தைச் சொல்லிவிடும்.

உவமையை இங்கேயே இறக்கிவைத்துவிட வேண்டும். பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கு வைத்த ‘பெருவெடிப்பு’ என்ற பெயர் பட்டாசு ஊர்க்காரரைத்தான் அதிகம் ஏமாற்றும். வாணத்துக்கு நடு உண்டு, அது விரிவதற்கு வெளியே வானமும் உண்டு. பிரபஞ்சத்துக்கு நடுவும் இல்லை, விரிந்து நிரப்ப வெளியே இடமும் வேண்டியதில்லை. இடமேதான் விரிகிறது. சுமார் 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள மண்டலங்கள் ஒளியைவிட வேகமாக நம்மைவிட்டு விலகுகின்றன. ஆனாலும் விதி உடையவில்லை. எந்த மண்டலமும் தன்னருகே போகும் ஒளியை முந்துவதில்லை.

தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் நிலா தொந்தரவு இல்லை, புகைதான் தொந்தரவு. அதனால் இரண்டு நாள் முன்னதாகவே ஊர் வெளிச்சம் எட்டாத கரிசல் காட்டுக்குப் போய்விடுவது நல்லது. மழைமேகம் விட்டால், இரவு ஒன்பது மணிவாக்கில் வடக்கே நல்ல உயரத்தில் மங்கிய பஞ்சுத் துணுக்காக ஆண்ட்ரோமீடா மண்டலம் தெரியும். பைனாகுலர் இருந்தால் இன்னும் சுலபம். கண்ணில் விழுவது சுமார் 25 லட்சம் ஆண்டுப் பழைய ஒளி. ஆனால் இந்த மண்டலம் நம்மைவிட்டு ஓடவில்லை. ஈர்ப்பு விசை இழுப்பதால் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வானியலாளர் ஸ்லைஃபர் அந்த வேகத்தை 1912இலேயே அளந்துவிட்டார்.