வழியும் இடரும் தொல்கதையும்: திறந்த உலக விளையாட்டுகள் மூன்றனை ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

கணினி விளையாட்டு இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமா என்னும் வினா இன்றும் சிலரால் எழுப்பப்படுகின்றது. சொல்லும் கதையும் நிலமும் கூடி அமைந்த எதனையும் இலக்கிய மாணவர் ஆராயலாம் என்பதே நம் கருத்து. கற்பனை நாடொன்றைப் படைத்து, ஆடுவோர் அந்நாட்டில் ஒரு கதைமாந்தராகப் புகுந்து, தாம் விரும்பிய திசையிற் செல்ல இடந்தரும் விளையாட்டுகள் பல இன்று உள. இவற்றைத் திறந்த உலக விளையாட்டுகள் என்பர். காப்பியத்திற்கும் நெடுங்கதைக்கும் உரிய சிக்கல்கள் பல இவற்றுள்ளும் எழுகின்றன.

இவ்வகை விளையாட்டுகளை மதிப்பிடுவோர் மூன்று கூறுகளைப் பிரித்துப் பேசுவது வழக்கம். நாடு எத்துணைப் பரந்தது, அதனைச் சுற்றிக் காண்பது எத்துணை இன்பம் தருவது என்பது ஒன்று. பகையும் இடரும் எத்துணைக் கடியன என்பது மற்றொன்று. அந்நாட்டின் பழைய வரலாறும் சமயமும் எத்துணை விரிவாகப் புனையப்பட்டுள்ளன என்பது மூன்றாவது. இவற்றை முறையே நாடுகாண்டல், கடுமை, தொல்கதை என ஈண்டுக் குறிப்போம். மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டிப் பார்க்கும் முறை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. தொல்கதை, நடப்பவனுக்கு வழிகாட்டவும் அவன் இடரைத் தீர்க்கவும் வேண்டப்படும்போதே உயிர் பெறுகின்றது. அவ்வாறு வேண்டப்படாதபோது, எத்துணை விரிந்ததாயினும், அது வெறும் அணியாய் நின்றுவிடுகின்றது. பெதஸ்டா நிறுவனத்தார் 2002இல் வெளியிட்ட மாரோவிண்ட், அவர்களே 2011இல் வெளியிட்ட ஸ்கைரிம், ஜப்பானிய நிறுவனமாகிய ஃபிரம்சாஃப்ட்வேர் 2022இல் வெளியிட்ட எல்டன் ரிங் ஆகிய மூன்றனையும் கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

2. சொல்லே வழியாதல்

மாரோவிண்டில் ஆடுவோன் விடுதலை பெற்ற சிறையாளனாக, செய்டா நீன் என்னும் சிற்றூரிற் கப்பலினின்றும் இறங்குகின்றான். பால்மோரா என்னும் நகரில் வாழும் கேயஸ் கொசேட்ஸ் என்பவனிடம் ஒரு பொதியைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது அவனுக்கு இடப்படும் பணி. அவன் வீடு எங்குள்ளது என்பதை எந்தக் குறியும் காட்டுவதில்லை. நகரை அடைந்து, அங்குள்ளாரை உசாவியே அறிதல் வேண்டும். பின்வரும் பணிகள் பலவும் இத்தகையனவே. இன்ன பாலத்தைக் கடந்து, வழி பிரியுமிடத்தில் இன்ன திசையில் திரும்பி, இன்ன குன்றின் அடியிற் பார் என்று ஒருவர் சொல்லுவர். அச்சொல் ஆடுவோனின் நாட்குறிப்பில் ஏறும். அதனை மீண்டும் மீண்டும் படித்தே அவன் நடத்தல் வேண்டும்.

வழி அறிந்தார் வழி அறியாதார்க்குச் சொல்லால் வழிகாட்டும் இம்முறை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. மலைபடுகடாம் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியின் வளத்தை மட்டும் சொல்லி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகளையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும், பாம்புறையும் இடங்களையும் எடுத்துச் சொல்லி எச்சரிக்கின்றது. அங்கே நிலவருணனையே வழிக்குறிப்பாகவும் அமைகின்றது. நாம் ஈண்டு இரண்டற்கும் வரலாற்றுத் தொடர்பு கூறவில்லை. சொல்லைக் கேட்டு நிலத்தை அறிதல் என்னும் ஒரே செயல் இரண்டிலும் உள்ளது என்பதையே சுட்டுகின்றோம். நன்னனிடம் ஆற்றுப்படுத்துவோன் சென்று பரிசில் பெற்று மீண்டவன். அவன் சொல் நம்பத்தக்கது. மாரோவிண்டிலோ சொல்லிய திசையே பிழைபடும் இடங்களும் உண்டு. அதனைக் குறையென்றே கொள்ளல் வேண்டும்.

தொல்கதையே திறவுகோலாகும் இடமும் இவ்விளையாட்டில் உள்ளது. ஆடுவோன், நெரெவார் என்னும் பழந்தலைவனின் மறுபிறவி தானோ என ஆராயும் நிலையில், ஒரு குகையைத் தேடிச் செல்லுதல் வேண்டும். அக்குகை இருக்குமிடம் பிசிச்செய்யுளாகவே அவனுக்குத் தரப்படுகின்றது. அதன் பொருளை அந்நிலத்து நாடோடி மக்களைக் கேட்டே விடுவித்தல் வேண்டும். பொருள் விளங்கி வாயிலை அடைந்தாலும், அது வைகறையிலும் அந்தியிலும் மட்டுமே திறக்கும். அசுரா என்னும் தெய்வம் அவ்விரு பொழுதுகளுக்கும் உரியது என்பது அந்நாட்டுச் சமயம். அதனை அறிந்தவன் காத்திருக்கின்றான். அறியாதவன் மூடிய கதவின் முன் திகைக்கின்றான். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தெய்வம் கருப்பொருளுள் ஒன்று என்றும் வகுத்த தொல்காப்பிய நெறியைப் பயின்றார்க்கு, முதலும் கருவும் இங்ஙனம் ஒன்றையொன்று தழுவி நிற்கும் அழகு எளிதில் விளங்கும்.

மேலும், நெரெவார் எவ்வாறு இறந்தான் என்பதில் அந்நாட்டு நூல்கள் தம்முள் முரண்படுகின்றன. அவனுக்குத் துணையாயிருந்தோரே அவனைக் கொன்றனர் என்பது நாடோடி மக்களின் வழக்கு. கோயிலார் அதனை மறுப்பர். எது மெய் என்பதை விளையாட்டு முடிந்த முடிபாகக் கூறுவதில்லை. ஆடுவோன் தானே நெரெவாரின் இடத்தில் நிற்பவனாதலின், பாடவேறுபாடுகளை நிறுத்துப் பார்க்கும் அறிஞனின் பணி அவனுக்குத் தன் வரலாற்றைத் தேடும் பணியாகவே அமைந்துவிடுகின்றது.

3. குறியே வழியாதல்

2006இல் வெளிவந்த ஒப்லிவியன் இந்நெறியினின்றும் விலகியது. திசைகாட்டியில் ஓர் அம்புக்குறி தோன்றிச் செல்லுமிடத்தைக் காட்டியது. ஆடுவோனின் ஆற்றல் வளருந்தோறும் பகைவரின் ஆற்றலும் உடன் வளருமாறு அமைக்கப்பட்டது. இவை இரண்டும் வேறுவேறு மாற்றங்கள் போலத் தோன்றினும், விளைவு ஒன்றே. முன்னதால் சொல் தன் பயனை இழந்தது. பின்னதால் நிலம் தன் இயல்பை இழந்தது. எந்தக் காடும் அஞ்சத்தக்கதன்று, எந்தச் சாலையும் காவலுடையதன்று என்றாயின், ஒரு நிலத்திற்கும் பிறிதொரு நிலத்திற்கும் கண்ணுக்குப் புலனாகும் நிறவேறுபாடு அன்றி வேறு வேறுபாடு யாது?

ஸ்கைரிம் இக்குறையை ஓரளவு திருத்தியது. பகைவரின் ஆற்றலுக்கு இடந்தோறும் எல்லைகள் வகுக்கப்பட்டன. தொடக்கத்திலேயே அரக்கர் குடியிருப்பை அணுகுவோன் ஓரடியில் உயிரிழக்கின்றான். அதனால் அந்நிலத்தை மதிக்கக் கற்கின்றான். ஆயினும் அம்புக்குறி நீங்கவில்லை. அதனை நீக்கிவிட்டு ஆடலாமே என்பர். நீக்கினால் வழி தெரியாமற் போகின்றது. ஏனெனில், குறி உண்டு என்னும் துணிவினால் மாந்தர் உரைகளில் வழிக்குறிப்பே பெரும்பாலும் எழுதப்படவில்லை. குறி, சொல்லுக்குத் துணையாக வந்து, சொல்லின் இடத்தையே கைப்பற்றிக்கொண்டது.

ஹை ஹிராத்கர் மலைவழியை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஏழாயிரம் படிகள் எனப் பெயர் பெற்ற அவ்வழியில் பத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பறவைநாகங்களுக்கும் மக்களுக்கும் நிகழ்ந்த போரின் வரலாறு அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளது. வழியிலே பனிப்பூதம் ஒன்று பதுங்கியிருக்கும். ஏறுதல், அஞ்சுதல், கற்றல் ஆகிய மூன்றும் கூடுதற்கு இதனினும் சிறந்த இடம் அமைதல் அரிது. ஆயினும் கல்வெட்டுகளைப் படியாதவனும் குறி காட்டும் உச்சியைத் தவறாமல் அடைகின்றான். அனைத்தையும் படித்தவனுக்கு, விலங்குகள் ஒருநாள் அளவும் தாக்காமலும் அஞ்சி ஓடாமலும் இருக்கும் பேறு கிடைக்கின்றது. அது பரிசில், தேவை அன்று. தேவையில்லாத கல்வி பரிசிலால் நிலைபெறுவதில்லை என்பதை ஆசிரியராகிய நாம் நன்கறிவோம்.

4. இடரே வழியாதல்

ஹிடெடாகா மியாசாகி இயக்கிய எல்டன் ரிங்கின் தொல்கதைக்கு அடித்தளம் வகுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். எனினும் அத்தொல்கதை தொடர்ந்த வரலாறாகச் சொல்லப்படவில்லை. வாள், கவசம், மந்திரம் முதலிய பொருள்களின் சிறுகுறிப்புகளாகச் சிதறிக் கிடக்கின்றது. ஆடுவோனே அவற்றைத் திரட்டிக் கோத்தல் வேண்டும். வழியும் அவ்வாறே. ஓய்விடங்களினின்றும் எழும் பொன்னொளிக் கீற்று ஒரு திசையை மட்டும் குறிக்கும். இடையிலுள்ள பள்ளங்களையும் பகையையும் அது சொல்லாது.

இங்கே இடரே ஆசிரியனாகின்றது. தொடக்கத்தில் எதிர்ப்படும் பொற்கவசக் குதிரைவீரன் புதியவனை எளிதில் வீழ்த்துவான். எல்லாப் பகைவரையும் கண்டவுடன் எதிர்த்தல் வேண்டுவதில்லை, விலகிச் செல்லலும் அறிவே என்பது அதனாற் கற்கும் முதற்பாடம். ஸ்டார்ம்வேல் கோட்டையின் காவலனை வெல்லமாட்டாதவன், கோட்டையைச் சுற்றிச் செல்லும் பக்கவழியைத் தேடிக் கண்டு அப்பால் உள்ள நாட்டை அடையலாம். கடுமை நாடுகாண்டலைத் தடுக்கவில்லை, அதனைத் தூண்டுகின்றது.

மூன்று கூறுகளும் முற்ற ஒன்றுபடும் இடம் ராடான் என்னும் வீரனின் பகுதியாகும். விண்மீன்களின் இயக்கத்தைத் தன் ஆற்றலால் தடுத்து நிறுத்தியவன் அவன். மலேனியா என்பாளோடு பொருது நோயுற்று அறிவிழந்து திரிகின்றான். அப்போரினாற் செந்நிறமாய் அழுகிய கேலிட் நாடே அவன் வரலாற்றிற்குச் சான்றாகக் கிடக்கின்றது. மெலிந்த குதிரை ஒன்றைக் கைவிட மனமின்றியே அவன் எடையை ஆளும் கலையைக் கற்றான் என்பதும் குறிப்பால் உணர்த்தப்படுகின்றது. அவனை வென்றபின், நின்ற விண்மீன் வீழ்ந்து நிலத்தைப் பிளக்கின்றது. நோக்ரான் என்னும் நிலத்தடி நகருக்கு வழி திறக்கின்றது. போர் இடர்; விண்மீன் தொல்கதை; பிளந்த நிலம் புதிய வழி. இம்மூன்றனுள் ஒன்றை நீக்கினும் மற்றவை பொருள் இழக்கும்.

5. இரு தடைகள்

நம் கொள்கைக்கு இரு தடைகள் எழக்கூடும். கடுமையைப் போற்றுதல், உடற்குறை உடையோரையும் ஓய்வு அரிதாகப் பெறுவோரையும் புறந்தள்ளுவதாகாதா என்பது முதலாவது. இத்தடை வலியது. எல்டன் ரிங்கில் ஆடுவோர் கடுமையைக் குறைத்துக்கொள்ளும் அளவுகோல் இல்லை. துணை ஆவிகளை அழைத்தலும், பிறரோடு கூடி ஆடலும், ஆற்றலைப் பெருக்கிக்கொள்ளலுமே உள்ள வழிகள். கைவிரைவு இல்லாதார்க்கு இவை போதா. ஆயின் கடுமை இருவகைப்படும் என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். கையின் கடுமை ஒன்று. அறிவின் கடுமை பிறிதொன்று. நாம் போற்றுவது பின்னதையே. வைகறை வரை காத்திருந்து கதவைத் திறப்பதற்குக் கைவிரைவு வேண்டுவதில்லை. கையின் கடுமையைக் குறைத்தும் அறிவின் கடுமையைக் காக்கலாம். ஸ்கைரிம் செய்தது இதன் தலைகீழ்: அடியின் வலிமைக்குப் பல படிகள் வைத்து, வழி அறியும் பணியை எல்லார்க்கும் நீக்கிவிட்டது.

சிதறிய தொல்கதையை ஆடுவோர் தாமே கோப்பதில்லை. பிறர் எழுதிய விளக்கங்களையே நாடுகின்றனர் என்பது இரண்டாவது தடை. இது மெய்யே. ஆயினும் அரிய நூலுக்கு உரை தோன்றுதல் இயல்பு. அடியார்க்கு நல்லாரின் உரையின்றிச் சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளை நாம் எவ்வாறு அறிந்திருப்போம்? உரை நூலுக்குள் நம்மை மீண்டும் அனுப்புமாயின் அது நன்று. நூலைப் படிக்கவேண்டாதவாறு செய்யுமாயின் அதுவும் ஓர் அம்புக்குறியே.

6. முடிபு

மூன்று விளையாட்டுகளுள் நாடுகாண்டல், கடுமை, தொல்கதை என்னும் கூறுகளைத் தனித்தனியே நோக்கின், எதுவும் வறியதன்று. அவற்றை இணைக்கும் கட்டினை நோக்கும்போதே தரவேறுபாடு புலனாகின்றது. ஸ்கைரிமில் அக்கட்டு நெகிழ்ந்துள்ளது. எல்டன் ரிங்கில் நிலமும் இடரும் இறுகப் பிணைந்துள்ளன. ஆனால் ராடான் பகுதி போன்ற இடங்கள் சிலவே, ஏனைய இடங்களில் தொல்கதை அறியாமலும் வாள்வலியால் கடந்து செல்லலாம். மாரோவிண்டில் சண்டைமுறை செப்பமற்றது, வழிக்குறிப்புப் பிழைகளும் உள. எனினும், கேட்ட சொல்லை நினைவிற் கொண்டு நடப்பவனையே அது தன் நாட்டிற்குள் புகவிடுகின்றது. ஆதலின் மூன்றனுள் அதற்கே முதலிடம் தருகின்றோம்.

இம்முடிபு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. படிக்கவேண்டிய தேவை நீங்கியபின்னும் நூல்கள் அடுக்கில் நிற்கும். அவற்றின் தொகையும் பெருகும். அவை வாழ்கின்றனவா என்பதைத் தொகை காட்டாது. ஒருவன் வழி தவறி நிற்கும்போது எந்த நூலைத் திறக்கின்றான் என்பதே காட்டும்.