கிளைமாக்ஸில் குணமாகும் மனநோய்

2005ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘சந்திரமுகி’ வந்தது, ஜூனில் ‘அந்நியன்’. கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கும் காட்சியில் ஜோதிகாவின் கண்கள் விரிந்து முகமே வேறொருத்தியாக மாறுகிறது. விசாரணை அறையில் பிரகாஷ்ராஜின் முன்னால் அம்பியாகக் கெஞ்சுகிற விக்ரம், மூச்சு விடுவதற்குள் அந்நியனாக உறுமுகிறார். இந்த நடிப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இவ்வளவு உழைப்பும் எதற்குப் போனது என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. இரண்டு கதைகளிலும் நோய் என்பது இடைவேளைக்குப் பிறகு வெடிக்க வேண்டிய ஒரு ரகசியம் மட்டுமே. நோயாளி என்ற மனிதரைப் பற்றித் திரைக்கதைக்கு அக்கறை இல்லை.

சான்று முடிவுகளிலேயே இருக்கிறது. ‘சந்திரமுகி’யில் ஜோதிகாவின் பாத்திரமான கங்காவின் நோய்க்கு மனநல வைத்தியரான சரவணன் கண்ட மருந்து, அவள் பழிவாங்கத் துடிக்கும் வேட்டையன் என்ற அரசனின் பொம்மையை அவள் கையாலேயே எரிக்க வைப்பது. ஓர் இரவில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. அம்பிக்கு நீதிமன்றம் சிகிச்சைதான் விதிக்கிறது. ஆனால் குணமானவனாக வெளியே வந்தவன் ஓடும் ரயிலில் மறுபடி கொல்கிறான், படமும் அதைக் கைதட்டலுக்குரிய காட்சியாகவே வைக்கிறது. 2012இல் வந்த ‘3’ படத்தில் தனுஷின் ராமுக்கு இருமுனைக் கோளாறு. அதை மனைவியிடமிருந்து நண்பனும் சேர்ந்து மறைக்கிறான், கதை ராம் தன் உயிரை மாய்த்துக்கொள்வதில் முடிகிறது. ஆக, மந்திரம் போல் குணம், ஏமாற்று, சாவு என்ற மூன்று வழிகளைத்தான் இந்தப் படங்கள் காட்டுகின்றன. தொடர்ந்து மருந்து எடுத்து, கிளினிக் போய், வேலையும் பார்த்து வாழ்கிற நான்காவது வழியில்தான் ஏராளமான நோயாளிகள் இருக்கிறார்கள். இந்தப் படங்களின் கதை அந்த வழியில் போவதில்லை.

இலங்கையின் மாத்தளையில் இருந்து படம் பார்க்கும் நமக்கு இது ஏன் முக்கியம்? ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்ட லயங்களில் மனநோயைப் பற்றிப் பேச வீட்டில் யாரும் முன்வருவதில்லை, தொலைக்காட்சியில் வரும் சென்னைப் படமோ தவறாமல் பேசிவிடுகிறது. கிளினிக் நாளில் மலையிறங்கி மாத்தளைக்கு பஸ் பிடிக்க வேண்டும், அன்றைக்குத் தோட்ட வேலையில் பேர் விழாது, சம்பளமும் போகும். இத்தனையும் கொடுத்து மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் ஒரு தாய்க்கு, ஒரே அதிர்ச்சியில் நோய் தீரும் என்று சொல்லும் படம் செய்வது அநியாயம். மாத்திரையை நிறுத்தவும் பேயோட்டப் போகவும் ஏற்கெனவே ஆயிரம் குரல்கள் கூப்பிடுகின்றன. இதோடு நோயாளி மீதான பயமும் சேர்கிறது. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். மனநோயாளி என்றால் கட்டிவைக்க வேண்டியவர் என்ற பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தப் பயத்தைச் சினிமா உண்டாக்கவில்லை. ஆனால் நோயாளியைக் கொலைகாரனாகக் காட்டும் ஒவ்வொரு முறையும் அதற்குத் தீனி போடுகிறது. வன்முறை செய்பவர்களைவிட அதற்கு ஆளாகிறவர்களே மனநோயாளிகளில் அதிகம் என்பதுதான் ஆய்வுகள் காட்டும் உண்மை.

படம் பொழுதுபோக்குக்குத்தானே, பாடப்புத்தகமா என்று கேட்பார்கள். பாடம் நடத்தச் சொல்லவில்லை. ஆனால் ‘சந்திரமுகி’ வைத்தியர் ஒருவரைக் கொண்டுவந்து, நோய்க்குப் பெயர் சொல்லி, அறிவியல் என்றே நம்பவைக்கிறது. அறிவியலின் மதிப்பைக் கடன் வாங்கும் கதைக்கு அதற்குரிய பொறுப்பும் உண்டு. நோயை உள்ளபடி காட்டினால் படம் சப்பென்று போய்விடும் என்பது இன்னொரு வாதம். அதற்கு மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1982லேயே பதில் சொல்லிவிட்டார். ‘மூன்றாம் பிறை’யில் நாட்டு வைத்தியத்தால் சட்டென்று நினைவு திரும்புவது நம்பும்படியாக இல்லைதான். ஆனாலும் நினைவிழந்து குழந்தையாகிப்போன விஜியைக் கமல்ஹாசனின் சீனு நாள்தோறும் பார்த்துக்கொள்வதில் எத்தனை பொறுமை, எத்தனை சலிப்பு! பராமரிப்பே அங்கே கதையாகிறது. கமல்ஹாசனுக்கு தேசிய விருதும் கிடைத்தது. 2019இல் திரைக்கு வந்த இயக்குநர் ராமின் ‘பேரன்பு’, மூளை முடக்குவாதம் உள்ள மகள் பருவமடையும்போது திணறும் தகப்பனை மம்முட்டியின் தளர்ந்த தோள்களிலேயே காட்டியது. பார்த்தவர்கள் யாரும் சப்பென்று இருந்ததாகச் சொல்லவில்லை.

ஆகவே நடிகர் எத்தனை முகம் காட்டினார் என்று எண்ணிப் புள்ளி போடுவதை விமர்சகர்களும் ரசிகர்களும் நிறுத்த வேண்டும். அந்தப் பாத்திரம் மறுநாள் காலையில் எப்படி எழுந்து, எப்படி வாழும் என்று படத்திடம் கேட்க வேண்டும். அதற்குப் பதில் வைத்திருக்கும் படமே நோயை மதித்த படம். நம் நாட்டில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எந்நேரமும் கிடைக்கும். இப்படி உதவி கேட்டு, சிகிச்சை பெற்று, வேலைக்குத் திரும்பும் ஒருவரைக் கதாநாயகனாக்கும் துணிவைத்தான் தமிழ்ச் சினிமாவிடம் இப்போது எதிர்பார்க்கிறோம்.